விருந்தாளிப் பட்டியலில் பெரியம்மா

யாங்கோன் நகரத்தின் பசுந்தாங்கில் காகிதத்தைத் தொலைத்தவர்கள் எல்லோரும் கடைசியில் என் கடைக்குத்தான் வந்து சேருவார்கள். நகல் எடுப்பது, லேமினேஷன் போடுவது, மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு வேலை, பழைய குடும்பப் பட்டியல்களில் ஆளைத் தேடுவது. தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தார், பாட்டனார் ரயில்வேயில் இருந்தார் என்று ஒரு பேரை வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தப் பேர் தமிழில் ஒன்றாக இருக்கும், பர்மியப் பதிவில் வேறொன்றாக இருக்கும். வயது இடத்துக்கு இடம் மாறும். இருந்தாலும், அந்த மனிதர் இங்கேதான் பிறந்தார், இங்கேதான் இருந்தார் என்று ஒரே ஒரு வரி கிடைத்துவிட்டால் போதும், பேரப்பிள்ளைக்கு அடையாள அட்டைக்கு வழி பிறக்கும்.

இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஊரார் தாத்தாக்களையெல்லாம் தோண்டி எடுத்தவன் ஆயிற்றே. ஆனால் என் வீட்டுக்குள்ளேயே எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒருத்தி, தினமும் காலையில் எனக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் அம்மாவின் அக்கா.

இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் அரசாங்கத்தின் குடும்பப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பேர் இல்லாதவர் யார் இரவு தங்கினாலும் வட்டார அலுவலகத்தில் சொல்லி விருந்தாளிப் பட்டியலில் எழுத வேண்டும். ஊரிலிருந்து வந்த மச்சானுக்கும் அதுதான் சட்டம். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது நான் பிறப்பதற்கு முன்னால். அன்றைக்கு விருந்தாளி என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் அம்மா போய்ப் புதுப்பித்தாள். அம்மா காலமான பிறகு நான் போனேன். என்னைத் தூக்கி வளர்த்தவள், என் பிள்ளைகளையும் வளர்த்தவள், பதிவில் மட்டும் நாளைக்கோ மறுநாளோ கிளம்பப் போகிறவளாகவே இருந்தாள்.

பெரியம்மா கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அவளுடைய வீட்டுக்காரர் இதே நகரத்தில் லத்தா வட்டாரத்தில் துணிக்கடை வைத்திருந்தார். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில், கப்பல் கப்பலாக நம் ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள் இல்லையா, அதில் அவரும் கிளம்பினார். கப்பல் ஏறும் நாளில் பெரியம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். பிறகு அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன் ஒரு வரி கூடப் போடவில்லை. பெரியம்மா அவர் கட்டிய தாலியோடு, புதிதாகக் கல்யாணமாகி இங்கே இருந்த தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி அம்மா அந்த மனுஷனைத் திட்டித் தீர்ப்பாள். அவன் உருப்படுவானா என்பதில் தொடங்கி, அவன் வம்சம் வரைக்கும் போவாள். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு மாவு பிசைவாள்.

சென்ற மழைக்காலத்தில் வட்டார அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு, வாயில் மரியாதை, கையில் சட்டம். பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் பர்மியில் கேட்டாள்.

“மாமா, விருந்தாளி என்றால் திரும்பிப் போவதற்கு ஒரு வீடு இருக்க வேண்டுமே. இந்தப் பாட்டியின் வீடு எங்கே?”

ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவன், இந்த மாதத்துக்கு மட்டும் எழுதிக் கொடும்மா என்று கெஞ்சினேன். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. அந்த மாதத்துக்கு எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதம், பெரியம்மா பேர் எந்தக் குடும்பப் பட்டியலில் இருக்கிறது என்று காட்டினால்தான் எழுதுவேன் என்றாள். இப்போதெல்லாம் விருந்தாளிச் சோதனைக்கு அடிக்கடி ஆள் வருகிறார்கள். எழுதாத ஆள் வீட்டில் இருந்தால் வீட்டுக்காரனுக்கும் வம்பு, அந்த ஆளுக்கும் வம்பு. எண்பதை நெருங்கும் பெரியம்மாவை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் லத்தாவுக்குப் போனேன். துணிக்கடை இருந்த வீட்டின் பதிவைத் தெரிந்தவர் மூலமாகப் பிடித்தேன். வீட்டுக்காரர் பேர், அவருடைய அப்பா பேர், கடையின் பேர் எல்லாம் அழகாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே, “மனைவி, ஒருவர்.” அவ்வளவுதான். பக்கம் முழுவதும் ஒரு கோடு, ஓரத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு குறிப்பு. கடைக்குப் பேர் எழுத நேரம் இருந்திருக்கிறது, பெண்பிள்ளைக்கு எழுதத்தான் கை வலித்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து புலம்பியபோது என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள், “புருஷன் வர்றதுக்கு முன்னாடியும் அவங்க ஒரு ஆளாத்தானே இருந்திருப்பாங்க? நீங்க ஏன் அந்த மனுஷன் பின்னாடியே ஓடுறீங்க?”

அவள் இப்படித்தான். ஒரு வாரம் நான் மண்டையை உடைத்துக்கொண்டதைக் கத்தியைக் கீழே வைக்காமலே முடித்துவிடுவாள். மறுநாளே கியாக்தானுக்குப் பஸ் ஏறினேன். அம்மாவும் பெரியம்மாவும் பிறந்தது அங்கேதான். தாத்தா அங்கே சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார்.

அலுவலகத்தில் பழைய கட்டுகளை அவிழ்க்க விட்டார்கள். தூசியில் தும்மித் தும்மித் தாத்தாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். தாத்தா பேர் மேல் கோடு, காலமானார். அம்மா பேர் மேல் கோடு, கல்யாணமாகி யாங்கோனுக்கு மாறினார். அம்மாவுக்கு மேல் வரியில் பெரியம்மா. மூத்த மகள், மணமாகாதவர். அந்தப் பேர் மேல் கோடே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு பேரை மாற்ற யாரும் வரவே இல்லை. சர்க்கார் பதிவில் பெரியம்மா இன்னமும் கியாக்தானில் தன் அப்பா வீட்டில்தான் இருந்தாள்.

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பேர் உயிரோடுதான் இருக்கிறது, இங்கேயே பிறந்தவர், அட்டைக்கு மனுப் போடலாம், உங்கள் பட்டியலுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அவர் நேரில் வந்து இதிலுள்ள விவரமெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

பஸ்ஸில் பாதி தூரம் வரைக்கும் கால் தரையில் படவில்லை. அப்புறம்தான் உறைத்தது. விவரம் எல்லாம் உண்மை என்றால், மணமாகாதவர் என்பதும் அதில் சேர்த்தி. வாழ்நாள் முழுக்கத் தாலியும் குங்குமமுமாக இருந்தவளிடம் போய், உங்களுக்குக் கல்யாணமே நடக்கவில்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்று எப்படிச் சொல்வது? பெண்டாட்டியாக இருந்தால் வீடு இல்லை. வீடு வேண்டுமென்றால் பெண்டாட்டி இல்லை. இதைச் செய்யச் சொல்ல நான் யார் என்று இருந்தது.

பெரியம்மா சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். “தாத்தா மறதியா விட்டுட்டார் போல பெரியம்மா” என்று சேர்த்துக்கொண்டேன், மனசு நோகக் கூடாதே என்று.

“மறதியா? உங்க தாத்தாவுக்கா?” பெரியம்மா சிரித்தாள். “அவர் பேரை மாத்தத்தான் கிளம்பினார். நான்தான் வேணாம்னேன்.”

“ஏன் பெரியம்மா?” என்றேன்.

“கல்யாணமான வருஷமே ஊருக்குப் போற பேச்சு வந்திருச்சு தம்பி. நான் பொறந்தது இங்கே. அந்த ஊரு எந்தத் திக்குல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. போக மாட்டேன்னு அப்பாகிட்ட சொன்னேன். சரி, பேரு இங்கயே கிடக்கட்டும், வந்தா இடம் இருக்குன்னார். கப்பலுக்கு முன்னாடியே அப்பா போய்ச் சேர்ந்துட்டார்.”

“அப்ப அந்தக் காய்ச்சல்?”

“காய்ச்சலும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் வரலைன்னு வீட்டுக்காரர்கிட்டயே சொன்னேன். நல்ல மனுஷன்தான். துறைமுகத்துல கைய பிடிச்சுக்கிட்டு அழுதார்.”

வம்சத்தோடு திட்டு வாங்கிக்கொண்டிருந்த மனுஷன், துறைமுகத்தில் அழுதுகொண்டு நின்றிருக்கிறார்.

“இதை அம்மாகிட்ட சொல்லியிருந்தா இத்தனை வருஷம் விருந்தாளியா இருந்திருக்க வேணாமே பெரியம்மா! அன்னைக்கே கியாக்தான் பட்டியலைக் காட்டி மாத்தியிருக்கலாமே!” என் குரல் உயர்ந்துவிட்டது. கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

பெரியம்மா பூண்டுத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

“அப்பா வீடு போயிருச்சு. இருந்தது உங்கம்மா ஒருத்திதான். அவளும் புதுசா வாழ வந்தவ. விட்டுட்டுப் போயிட்டான்னா பாவம்னு ரெண்டு வாய் சோறு கூட வைப்பாங்க. நான்தான் விட்டுட்டு வந்தேன்னா யாரு வைப்பா? இந்தத் தாலிகூட அவருக்காகப் போட்டுக்கிட்டு இருக்கலை. உங்கம்மா கண்ணுக்காகத்தான்.”

அம்மா அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போது ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வந்தது. எதிர் வீட்டில் ஒரு பெண் புருஷனை வேண்டாமென்று வந்தபோது, அந்த வீட்டுக் காப்பியைக்கூட அம்மா தொடவில்லை. அம்மா நல்லவள். ஆனால் அவள் நல்லவளாக இருப்பதற்குச் சில நிபந்தனைகள் இருந்தன.

அடுத்த வாரம் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு கியாக்தானுக்குப் போனேன். அதிகாரி ஒவ்வொரு வரியாக வாசித்தார். மணமாகாதவர் என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து, கழுத்தைப் பார்த்தார். பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடவில்லை.

“எழுதியிருக்கிறபடியே இருக்கட்டும்” என்று பர்மியில் சொல்லிவிட்டு, வட்ட வட்டமான எழுத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி முத்திரையைக் குத்தினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனசு நிறைந்திருந்தது. இந்தப் பட்டியலை நான் பத்து வருஷத்துக்கு முன்னால், அம்மா இருந்தபோதே தேடியிருக்கலாம் பெரியம்மா, அவளும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள் என்றேன்.

“உங்கம்மா இருக்கும்போது நீ இதைக் கொண்டு வந்திருந்தா, நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்” என்றாள் பெரியம்மா. “மாசாமாசம் போய் விருந்தாளின்னே எழுதச் சொல்லியிருப்பேன்.”