குறைந்த சம்பளத்துக்கு ஒரு விண்ணப்பம்

மருத்துவமனையில் அவளுக்குச் 'சார்ட் அக்கா' என்று பெயர். டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு வெளியே போனது என்று கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கும். மற்ற உதவியாளர்கள் 'ஒரு டம்ளர் இருக்கும்' என்று குத்துமதிப்பாக எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவள் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, அடியில் நிற்பதைக் கழித்துவிட்டு எழுதுவாள். "உள்ள போனதும் வெளிய வந்ததும் ஒத்துப் போகலைன்னா, உடம்பு பொய் சொல்லுது, இல்லைன்னா நாம பொய் சொல்றோம்" என்பாள்.

மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவளுக்கு இரவு டியூட்டிதான். இரவுப்படி என்று சம்பளத்தோடு கொஞ்சம் கூடுதலாக வரும். அதற்கு விலை, பகல் தூக்கம். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுப்பாள். மேல்வீட்டுக்காரன் சுவரில் ஆணி அடிப்பான். கீழே கேஸ் சிலிண்டரை உருட்டுவார்கள். தூங்கி எழுந்தவளைப் பார்த்தால் தூங்கப் போகிறவள் மாதிரி இருப்பாள்.

அப்போதுதான் மேட்ரன் கூப்பிட்டுச் சொன்னார். முதியோர் பிரிவில் பகல் டியூட்டிக்கு ஓர் இடம் காலியாகிறது. இரவுப்படி கிடையாது. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வேண்டுமென்றால் மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வரிசையில் வேறு ஆள் நிற்கிறது.

அன்று வீட்டில் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் நாலு பேர்: அவள், பஸ் ஓட்டும் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், கொழுந்தன். இந்தக் கொழுந்தன் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். ரூம் கிடைக்கிற வரைக்கும் என்று வந்தவன். சோபா கிடைத்ததும் ரூம் தேடுவதை நிறுத்திவிட்டான்.

"சம்பளம் குறையப் போகுதுன்னு இப்படி வாயெல்லாம் பல்லா சிரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை" என்றார் டிரைவர்.

"சிரிக்காம? ராத்திரி தூங்குவேங்க! ஊர் உலகம் தூங்கறப்ப நானும் தூங்குவேன்!"

"சோறு?"

"அதுக்குத்தான் ஒரு மாசம் பார்ப்போம். அந்த அஞ்சுல ஒரு பங்கை இந்த மாசமே எடுத்துத் தனியா வெச்சிடறேன். மிச்சத்துல குடும்பம் ஓடினா பகல். ஓடலைன்னா வாயைப் பொத்திக்கிட்டு ராத்திரியே போறேன்."

மறுநாளே ஃபிரிட்ஜ் கதவில் சார்ட் ஏறியது. வரவுக்கு நீலம், செலவுக்குச் சிவப்பு. அவரவர் செலவை அவரவரே எழுத வேண்டும். டிரைவர் பேனாவை வாங்கிப் பார்த்துவிட்டு, "டெம்பரேச்சர் எங்க எழுதறது, வாய்லயா அக்குள்லயா?" என்று கேட்டார். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முதலில் ரத்தம் வருகிற இடத்தைக் கட்டு என்பது வார்டில் கற்ற பாடம். சமையல் எண்ணெயைக் கட்டினாள். மருந்து ஊற்றிக் கொடுக்கிற குட்டி பிளாஸ்டிக் குவளையில் ஒரு வேளைக்கு ஒரு குவளை, அவ்வளவுதான். தரை துடைக்கும் மருந்தைக் கலக்குவதுபோல ஷாம்பூவில் ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்தாள். கொழுந்தன் குளித்துவிட்டு வந்து, "அண்ணி, நுரையைத் தேடித் தேடிப் பார்த்தேன், தலைமுடிதான் கிடைச்சுது" என்றான். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒரு பழைய காலுறையில் போட்டுக் கட்டிக் குளியலறையில் தொங்கவிட்டாள். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் மகள் ஓடிப்போய் அணைப்பாள். ஆள் இருக்கிற அறையிலும் அணைப்பாள். டிரைவர் ஒருநாள் பாதி சவரத்தில் இருட்டுக்குள் நின்று கத்தினார்.

இந்தக் கூத்தில் சார்ட் அக்காவுக்கு ஒரு கிறக்கமே வந்துவிட்டது. வாரத்துக்கு வாரம் சிவப்புக் கோடு சரிந்தது. சரியும் காய்ச்சலைப் பார்க்கிற மாதிரி ஃபிரிட்ஜ் முன்னால் நின்று ரசிப்பாள். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டாள். வார்டில் ஒரு பாட்டியின் தலையணை உறையை மாற்றும்போது, "அம்மா, எங்க வீட்டு எண்ணெய்ச் செலவு பாதி ஆயிடுச்சு!" என்றாள். பாட்டி பாதி மயக்கத்தில், "சந்தோஷம், மாப்பிள்ளை என்ன வேலை?" என்றாள்.

ஆனால் அவள் கண் பழகிய கண். மூன்றாம் வாரம் டிரைவர் யூனிஃபார்ம் மாட்டும்போது கால்சட்டைப் பொத்தான் தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடியது. மகளின் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. கொழுந்தன் சோபாவில் உட்கார்ந்தால் இப்போது சோபா முனகியது. அவ்வளவு ஏன், வீட்டில் கடைசி முட்டைக்கு யாரும் சண்டை போடவில்லை. அந்த வீட்டில் கடைசி முட்டை அநாதையாகக் கிடப்பது உலகில் நடக்காத காரியம்.

வார்டில் ஓரமாகக் கிடந்த எடை இயந்திரத்தைச் சொல்லிவிட்டு இரவல் வாங்கி வந்தாள். மூன்று பேரையும் வரிசையில் நிறுத்தினாள்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க."

"செருப்பு போடலையே" என்றார் டிரைவர்.

"அப்ப மூச்சை விட்டுட்டு ஏறுங்க."

மூன்று பேரும் ஏறியிருந்தார்கள். எடையும் ஏறியிருந்தது. வீட்டில் சமைப்பது பாதி, உடம்பு ஒன்றரை. சாப்பாட்டைத் தொடாமல் எடை கூடும் நோயாளிகளை அவள் பார்த்திருக்கிறாள். அதற்கு ஒரே அர்த்தம்தான்: பார்க்க வருகிறவர்கள் பையில் எதையோ கொண்டுவருகிறார்கள்.

"தண்ணி உடம்புமா" என்றாள் மகள், கண்ணைப் பார்க்காமல்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. மாலை மேட்ரன் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் பதில் சொல்ல வேண்டும். மத்தியானம் படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து வந்தாள். வீட்டில் ஈ காக்காய் இல்லை. கதவைத் திறந்தாள். எதிர்வீட்டு வாசலில் மூன்று ஜோடிச் செருப்புகள். ஒன்று டிரைவருடையது, ஒன்று மகளுடையது, ஒன்று அறுந்துபோய் ஊக்கு குத்தியது. அது கொழுந்தனுடையது.

எதிர்வீட்டில் இருப்பவர் கேன்டீன் அம்மா. ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஆயுசெல்லாம் சமைத்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். சார்ட் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஒரு பாத்திரம். அதில் ஆவி பறக்கும் சோறு. பக்கத்துத் தட்டில் பொரித்த மீன் கோபுரமாக நின்றது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று கொழுந்தன் வாரிக்கொண்டிருந்தான்.

டிரைவர் எழுந்து நின்றார். "நான்… குழாய் ஒழுகுதுன்னாங்க, பார்க்க வந்தேன்."

"வாய்தான் ஒழுகுது. துடைங்க."

விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதல் வாரம் மூன்று பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல் வந்திருக்கிறார்கள். டிரைவர் குழாய் பார்க்க, மகள் தண்ணீர் பாட்டில் நிரப்ப, கொழுந்தன் ரேடியோ ரிப்பேர் செய்ய. ஒருநாள் மூவரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கூட்டணி.

"அப்ப என் சார்ட்டு பொய்!" சார்ட் அக்கா இடுப்பில் கை வைத்தாள். "மாசம் பூரா ஊரை ஏமாத்தி மிச்சம் பிடிச்சிருக்கோம். இதை நம்பி நான் போய் பகல் டியூட்டின்னு எழுதிக் குடுத்தா அடுத்த மாசம் சோத்துக்கு எங்க போறது? இப்படி அடுத்தவங்க அடுப்புல வாய் வெக்கலாமா?"

கேன்டீன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "ஏண்டி, தினமும் டியூட்டிக்குப் போறப்ப ஒரு டப்பா குடுத்தனுப்பறேனே, அது என்ன, ஆகாயத்துல இருந்து விழுந்துதா?"

சார்ட் அக்கா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். உண்மைதான். தினமும் சூடாக ஒரு டப்பா. இரவு இடைவேளையில் ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுக் கழுவிக் கொடுப்பாள். காசு கொடுக்காததால் அது செலவென்றே அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு டம்ளரின் அடியில் நிற்பதைக்கூடக் கழித்து எழுதுகிறவள், தன் வாய்க்குள் போனதை விட்டுவிட்டாள்.

முதலில் சிரித்தது டிரைவர். அப்புறம் மகள். அப்புறம் சார்ட் அக்காவே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கேன்டீன் அம்மா ஒரு தட்டை எடுத்து அவள் முன்னாலும் வைத்தார்.

"எனக்குச் சின்னப் பாத்திரத்துல சமைக்க வராதுடி. உப்பே நிக்க மாட்டேங்குது. இந்தப் பெரிசுல சமைச்சுட்டு மிச்சத்தைக் குப்பையில கொட்டிக்கிட்டு இருந்தேன். இதுங்க வந்ததுல இருந்து குப்பைத்தொட்டி காலி."

"சரிக்கா. அப்ப விலை சொல்லுங்க. நாலு பேருக்கு, மாசத்துக்கு. எங்க அடுப்பை அணைச்சிடறேன்."

கேன்டீன் அம்மா ஒரு தொகை சொன்னார்.

"இது எந்தக் காலத்து விலை? எண்ணெய் என்ன விக்குதுன்னு தெரியுமா? ஏத்துங்க."

"ஏத்த மாட்டேன். சந்தை முடியற நேரத்துல மூட்டையா வாங்கறவ நான். எனக்கு அவ்வளவுதான் ஆகுது."

"உங்க கைவேலை?"

"என் கை, என் இஷ்டம்."

"ஏத்தலைன்னா நாங்க வரமாட்டோம்."

"வராம எங்கடி போவீங்க? உன் மருந்துக் குவளை எண்ணெய்க்கா?"

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "விலையைக் குறைக்கச் சண்டை போட்டுப் பார்த்திருக்கேன். ஏத்தறதுக்குச் சண்டை போடறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

ஒருவழியாக இரண்டு தொகைக்கும் நடுவில் ஒன்று முடிவானது. சார்ட் அக்கா காற்றில் விரலால் கணக்குப் போட்டாள். வாடகை, கரண்ட், கல்லூரி, பஸ், இந்தச் சாப்பாடு. குறைந்த சம்பளத்தோடு டிரைவர் சம்பளத்தைக் கூட்டினாள். முகம் வாடியது. கொஞ்சம் இடித்தது.

"நான் இனி முடி வெட்டிக்க மாட்டேன்" என்றார் டிரைவர்.

"நான் நெட் பேக்கைக் குறைச்சுக்கிறேன்" என்றாள் மகள்.

"பத்தாது." கடிகாரத்தைப் பார்த்தாள். மேட்ரன் இந்நேரம் மேஜையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்திருப்பார். "சோப்பைப் பாதியா அறுத்தாலும் பத்தாது. விடுங்க, ராத்திரியே இருந்துட்டுப் போகுது."

கேன்டீன் அம்மா கொழுந்தன் தட்டில் அடுத்த மீனைப் போட்டபடி சாதாரணமாகக் கேட்டார். "ஆமா, இவன் வீட்டுக்கு என்ன குடுக்கிறான்?"

கொழுந்தன் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"நான் விருந்தாளிங்க" என்றான்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்றாள் சார்ட் அக்கா மெதுவாக. "நீ வந்து எத்தனை நாளாச்சு தம்பி?"

"நாளாவா கேக்கறீங்க, அண்ணி?"

கடுகு போன இடத்தை மாதம் முழுக்கச் சிவப்புப் பேனாவோடு தேடினாள். பூசணிக்காய் பாட்டுக்கு சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் விளக்கையே அணைத்திருக்கிறார்கள்!

"சோபாவுக்கு வாடகையா? ஸ்பிரிங் குத்துது அண்ணி!"

"குத்தற ஸ்பிரிங்குக்குத் தள்ளுபடி உண்டு. சாப்பாட்டுக்குக் கிடையாது."

"அண்ணே, நீ ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்றேன்" என்றார் டிரைவர். "முதல் தேதியே குடுத்துடு."

கொழுந்தன் மீனைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். இந்த மீனை விட்டுத் தனி ரூமில் ரொட்டியைப் பிய்த்துத் தின்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். "எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றான். அவள் சொன்னாள். அவன் நெஞ்சைப் பிடித்தான். அவள் பழக்கதோஷத்தில் அவன் நாடியைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஓடுது. குடுக்கலாம்" என்றாள்.

மீண்டும் காற்றில் விரல் ஓடியது. இந்த முறை கணக்கு நின்றது. பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் நின்றது. யார் வீட்டுச் சோற்றையும் மறைக்காமல் நின்றது.

அவள் கையைக் கழுவினாளோ இல்லையோ, செருப்பை மாட்டினாள். மாட்டியது மகளுடைய செருப்பு. தெரிந்தபோது பஸ் பாதி வழியில் இருந்தது.

மேட்ரன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா, ஓட்டப் பந்தயமா?"

"பகல் டியூட்டி மேடம். எனக்கு. எழுதித் தந்துடறேன்."

"சம்பளம் குறையுமே. வீட்ல கேட்டியா?"

"எல்லாரையும் கேட்டாச்சு மேடம். ஒருத்தருக்கு மட்டும் கொஞ்சம் நெஞ்சு வலி. சரியாயிடும்."

மேட்ரன் பூட்டைத் திரும்பத் திறந்தார். அவள் எழுதினாள். மேட்ரன் கையெழுத்துப் போட்டு, "திங்கட்கிழமை காலையில வந்துடு" என்றார்.

லிஃப்டுக்குக் காத்திருக்க அவளால் முடியவில்லை. இரண்டு இரண்டு படியாக இறங்கினாள். அந்த வயதில் அது கூடாது. வேறு யாராவது அப்படி இறங்கியிருந்தால் அவளே திட்டியிருப்பாள். வாசலில் செக்யூரிட்டி அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா, இப்படிக் குதிச்சுக்கிட்டு வர்ற? சம்பளம் ஏறிடுச்சா?"

"இல்லண்ணே," தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள், "குறைஞ்சிடுச்சு!"