காலையில் நான் அனுப்பிவிட்ட வயிற்றுவலி

மல்லிகாவின் வயிற்றில் அப்பெண்டிக்ஸ் எடுத்த பழைய தழும்பைக் கண்டதும், இந்த வலப்பக்க வலிக்கு அப்பெண்டிக்ஸ் காரணமில்லை, அப்படியானால் இது சினைப்பை முறுக்கிக்கொண்ட வலியோ என்று தோன்றியது. தங்கச் சுரங்க ஊரான தங்கவயலில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். "குடத்தத் தூக்கும்போது சுருக்குன்னு புடிச்சுதுக்கா" என்று காலையிலேயே வந்தவளை, வரிசை நீண்ட அவசரத்தில் தொட்டுப் பார்க்காமலே மாதவலி என்று சீட்டெழுதி அனுப்பியது நான்தான். மாலையில் வாந்தியோடு திரும்பி வந்தபோதுதான் அந்தத் தழும்பைப் பார்த்தேன்.

"வெறும் வாயு. மிக்சர் குடு" என்றார் டாக்டர்.

"வலப்பக்கம் கட்டி தட்டுப்படுது சார். சினைப்பை முறுக்கிக்கினு இருக்கும்."

"இன்னாம்மா, புக்கு படிச்சியா?"

"நீங்க படிச்ச அதே புக்குதான் சார்."

முறைத்தபடியே அழுத்திப் பார்த்தவர், ஆபரேஷனுக்குத் தயார் செய்யச் சொன்னார். முறுக்கிய சினைப்பை கறுத்துப்போயிருந்தது, எடுத்துவிட்டார்கள். மல்லிகா பிழைத்தாள். காலையிலேயே நான் தொட்டுப் பார்த்திருந்தால் ஒருவேளை அதுவும் தப்பியிருக்கும்.

நாளை முதல், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் எந்தச் சீட்டிலும் மாதவலி என்று எழுதமாட்டேன். வரிசை ரோடு வரை நீளட்டும், மேட்ரன் கத்தட்டும்.