பாட்டுக்கு அடியில்

மகளின் புத்தகப்பைக்குள் மூடி கழன்று கிடந்த மார்க்கர் பேனாவின் காட்டமான வாசம் இன்று காலை மூக்கில் ஏறியதும், உக்குவளை ரயில் பாதையோரம் இருந்த எங்கள் வீட்டு முன்னறைக்குப் போய்விட்டேன். அங்கே அப்பா கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி சீடியில் பிரதி எடுப்பார். ரொட்டி மாதிரிச் சூடாக வெளியே வருகிற ஒவ்வொன்றையும் அம்மா விளிம்பில் பிடித்து, மார்க்கரால் பெண் மாப்பிள்ளை பெயரை எழுதி, மை காயும்வரை ஊதிக்கொண்டிருப்பாள். தண்டவாளத்தில் கோச்சி போகும்போது மேசை அதிரும், ஓடிக்கொண்டிருக்கிற சீடி பழுதாகிவிடுமோ என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் பெரியபிள்ளையான சடங்கு வீடியோவும் அந்த மேசையில்தான் தயாரானது.

"நம்ம புள்ளையோடதுலயாவது பேச்சுச் சத்தத்தை விட்டுவைங்களேன்," என்றாள் அம்மா.

"சனங்க பேசுறது வெறும் இரைச்சல். பாட்டுப் போட்டாத்தான் பார்க்க நல்லாருக்கும்," என்ற அப்பா, எல்லாருக்கும் செய்வதுபோலவே சத்தம் முழுவதையும் அழித்துவிட்டுப் பாட்டை ஏற்றினார். அசல் சத்தம் இருந்த கேமரா கசெட்டிலும் அதன் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பிடித்துவிட்டார்.

அம்மா செத்துப்போய்விட்டாள். முன்னறை இருந்த இடத்தில் டயர் கடை வந்துவிட்டது. அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் நான் எழுந்து போய்விடுவேன். மிஞ்சிய ஒரே சீடியில் அம்மா எனக்குப் பூ வைத்தபடி, கேமராவைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொல்கிறாள். அப்பா பாட்டைக் குறைத்துக் குறைத்துப் பார்க்கிறார். முழுவதும் குறைத்த பிறகும் காதைத் திரையோடு வைத்துக்கொண்டே இருக்கிறார்.