மரியாதை தெரியாத கதவு

கதவைத் திறப்பதற்கு யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. திறக்காமல் இருப்பதற்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

சுவரில் ஒரு கருவி இருக்கும். முகத்தைக் காட்டினால், தெரிந்த ஆள் என்றால் கதவைத் திறக்கும். தெரியாத ஆள் என்றால் திறக்காது. இதைத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மாட்டி, வயர் இழுத்து, ஓட விட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. கேமரா மாட்டுகிறவர்களே, இன்வெர்ட்டர் வைக்கிறவர்களே, ஏசி கழற்றி மாட்டுகிறவர்களே, ஏணி உச்சியில் நிற்கும்போது கீழே இருந்து "இன்னும் கொஞ்சம் அக்கட்டால தள்ளி வைங்க" என்று கேட்டு நொந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் புரியும், ஆனால் வலிக்காது.

எல்லாம் ஒரே கம்பெனியில், ஒரே கதவில் நடந்தவை. குழந்தைகள் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. முதல் மாடியில் தையல் ஹால், அதற்கும் படிக்கட்டுக்கும் நடுவில் அந்தக் கதவு. முதலாளி பழனிச்சாமி, மேனேஜர் சண்முகம் இருவரும் இந்த ஊர்க்காரர்கள். நானும் என் கூட்டாளி அந்தோணி அண்ணாச்சியும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வேலையை ஒப்படைக்கும்போதே மேனேஜர் விவரம் சொல்லிவிட்டார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர், கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறான். வெளியாள் உள்ளே போகக் கூடாது. தீ மணி அடித்தால் உள்ளே இருப்பவர்கள் ஒரு நொடி தாமதிக்காமல் வெளியே வர வேண்டும். இரண்டில் ஒன்று சொதப்பினாலும் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும், தையல் ஹாலில் பாதி மிசின்களை மூடிப்போட்டு ஆட்களை அனுப்ப வேண்டியதுதான். "எல்லாம் உங்க கதவுலதானுங்க இருக்குது" என்றார். கதவில் அதுவரை எதுவுமே இல்லை.

முதலாளி வந்தால் மூடும்

கதவுக்கு மேலே காந்தப் பூட்டு. கருவியிலிருந்து அதற்குப் போகிற வயரைச் செருக இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்றில் செருகினால் எப்போதும் பூட்டியிருக்கும், தெரிந்த முகத்தைக் கண்டால் திறக்கும். பக்கத்து ஓட்டையில் செருகினால் எல்லாம் தலைகீழ். அன்றைக்கு அந்தோணி அண்ணாச்சி, மகளின் கணக்கு மார்க்கைப் பற்றி போனில் வீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே எந்த ஓட்டை என்று பார்க்காமல் வயரைச் செருகினார்.

நான் அதைக் கவனிக்காமல் முதலாளி முகத்தைப் பதிந்துவிட்டு, பெருமையாக ஒதுங்கி நின்றேன். காலையிலிருந்து டீக்காரர், கூரியர்காரர், யாரென்றே தெரியாத ஒரு பூனை எல்லாரும் அந்தக் கதவு வழியாகத் தாராளமாகப் போய் வந்தார்கள். முதலாளி வந்தார், முகத்தைக் காட்டினார், டப்பென்று பூட்டிக்கொண்டது. நான்கு தடவை முயன்றார். நான்கு தடவையும் பூட்டியது. மனிதர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அமைதியாகச் சொன்னார்: "நான் வந்தாத்தான் பூட்டுமுங்களா? சரிங்க, நான் ஊட்டுலயே இருந்துக்கறனுங்க. கம்பெனி நல்லாத் தொறந்தே கெடக்கட்டுமுங்க."

பஞ்சு

பனியன் கம்பெனியில் பஞ்சு இல்லாத இடம் கிடையாது. டீயில் பஞ்சு, மூக்கில் பஞ்சு, காந்தத்துக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவிலும் பஞ்சு. மெத்தை மாதிரி படிந்து பூட்டுப் பிடிக்கவே இல்லை. ஒரிசாவிலிருந்து வந்திருக்கிற தையல்காரர் ராஜு, இரண்டு நாள் பார்த்துவிட்டு, என் மனம் புண்படாமல் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அண்ணா, மிசின் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நான் தும்மல் போட்டா கதவு திறக்குது."

காலண்டர்

கருவிக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். பெரிய முருகன் படம். முதலாளி அதில் தாளைக் கிழித்து, நல்ல நேரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். அதனால் அதை நகர்த்துகிற பேச்சுக்கே இடமில்லை. மேலே சுவர் ஃபேன். ஃபேன் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் காலண்டர் ஆடும். காலண்டர் ஆடும்போதெல்லாம் கருவி விழித்துக்கொள்ளும், எதிரே ஒரு முகம் இருப்பதைப் பார்க்கும், பதிவில் தேடும், இல்லை என்று கண்டு, உள்ளே இருக்கிற இங்கிலீஷ் அம்மாள் குரலில் "ஆக்சஸ் டினைடு" என்று சொல்லும்.

காலையிலிருந்து மாலை வரை முருகனுக்கு அனுமதி மறுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஃபேனைக் கழற்றித் தள்ளி மாட்டினோம். அதற்குள் முதலாளி பார்த்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பியபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நாங்க நெதமும் கும்புடற சாமிங்க. அவரையே ஆருன்னு கேக்குதுங்களே உங்க மிசினு!"

சம்பந்தி

முதலாளியின் மகளுக்கு வெள்ளகோவில் பக்கம் மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கம்பெனியைப் பார்க்க வந்தார். வந்தவரை முன்னால் விட்டுத்தானே நாம் பின்னால் போவோம்? முதலாளியும் "நீங்க போங்க" என்று கையைக் காட்டினார். சம்பந்தி கதவுக்கு முன்னால் போய்ச் சிரித்த முகமாக நின்றார். "ஆக்சஸ் டினைடு. ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது இங்கிலீஷ் அம்மாள்.

நல்ல மனிதர், சொன்னபடி கேட்டார். தலையைச் சீவிக்கொண்டு மறுபடி நின்றார். மறுபடியும் இல்லை என்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றார். அதற்கும் இல்லை. பின்னால் நின்ற முதலாளிக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். இன்னும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மாப்ளை ஊட்டுக்காரருங்க அவுரு. அவுரு மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு நானே இதுவரைக்கும் சொன்னதில்லீங்க. செவுத்துல தொங்கற டப்பா சொல்லலாமுங்களா?"

என் குரல்

இங்கிலீஷ் அம்மாளை எடுத்துவிட்டு நமக்கு வேண்டிய குரலைப் போட்டுக்கொள்ளலாம். போனில் பேசிப் பதிந்து, பென் டிரைவில் ஏற்றி, கருவியில் செருகினால் தீர்ந்தது. யாரைப் பேசச் சொல்வது? நானே பேசினேன். தெரிந்த முகத்துக்கு "உள்ள போங்க". தெரியாத முகத்துக்கு "யாரு நீங்க? தள்ளி நில்லுங்க". தீ மணி அடித்தால் சொல்ல, "தீ! வெளிய போங்க! என்ன பாத்துட்டு நிக்கிய? போங்கன்னா போங்க!" எனக்கு எல்லாமே மரியாதையாகத்தான் பட்டது. மூன்றிலும் 'ங்க' இருக்கிறதே! ஆனால் எங்கள் ஊரில் அன்பாகச் சொல்வதையும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வோம். அது சுவரிலிருந்து, முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை வேனில் வந்து இறங்கிய பெண்கள் ஒவ்வொருவராக முகத்தைக் காட்டினார்கள். "உள்ள போங்க!" ஒருத்தி கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கீழே போட்டாள். அடுத்தவள் திரும்பி வேனுக்கே போய்விட்டாள். முதலாளி இரண்டு குரலைக் கேட்டார், மூன்றாவதைக் கேட்காமலே மூன்றையும் அழிக்கச் சொன்னார். பென் டிரைவ் மட்டும் அண்ணாச்சியின் சாவிக்கொத்தில் தங்கிவிட்டது. செக்கிங் பிரிவில் மூத்தவர் சரசக்கா. ஹாலில் என்ன நடந்தாலும் எல்லார் சார்பிலும் பேசுகிறவர். அவர் என்னிடம் வந்து கேட்டார்: "ஏனுங்க கதவுக்காரரே, நாங்க வேலைக்கு வந்ததே தப்புங்களா?"

சரசக்கா குரல்

அப்படியானால் நீங்களே பேசுங்கள் என்று சரசக்காவிடம் போனை நீட்டினோம். தெரிந்த முகத்துக்கு உடனே சொல்லிவிட்டார்: "வாங்க, சாப்ட்டீங்களா?" தெரியாத முகத்துக்குத்தான் தகராறு. "உள்ள விட முடியாதுன்னு சொல்லணும் அக்கா" என்று கெஞ்சினேன். வாசலுக்கு வந்தவரிடம் அப்படிச் சொல்ல வாய் வராது என்று உறுதியாக மறுத்தார். ஒருவழியாக "செத்த இருங்க, கேட்டுட்டு வந்தர்றனுங்க" என்பதற்கு ஒப்புக்கொண்டார். தீக்கு, "எல்லாரும் பாத்துப் பதனமாப் போயிட்டு வாங்க."

கதவுக்கு முன்னால் வரிசை நீண்டது. கருவி "சாப்ட்டீங்களா?" என்று கேட்க, ஆளாளுக்கு நின்று பதில் சொன்னார்கள். சிலர் என்ன சாப்பிட்டோம் என்பதையும் சொன்னார்கள். ராஜு மட்டும் "ரொட்டி" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

ஆனால் மேனேஜருக்குப் பரம திருப்தி. வெளியாள் ஒருவர்கூட உள்ளே போகவில்லை, ஒருவருக்கும் கோபமும் வரவில்லை. ஒரு மத்தியானம் பட்டன் விற்க வந்த ஒருவர் கதவுக்கு வெளியே ஸ்டூலில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். டீ இரண்டு தடவை வந்து போனது. அவர் அசையவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உள்ள ஒரு அக்கா கேட்டுட்டு வர்றேன்னு போயிருக்காங்க. தங்கமான மனுசிங்க. அவங்க வர்றதுக்குள்ள நான் எந்திரிச்சுப் போனா நல்லா இருக்காதுங்க."

ஒத்திகை

ஆடிட்டுக்கு முந்தின நாள், ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மேனேஜர் தீ மணியை அடித்தார். மணி அடித்த அதே நொடியில் காந்தம் விட்டது, கதவு தானாகத் திறந்துகொண்டது. எனக்கு மார்பு விரிந்தது. பிறகு பார்த்தால், யாரும் வெளியே வரவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கருவி சரசக்கா குரலில் "பாத்துப் பதனமாப் போயிட்டு வாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்துப் பதனமாக மிசினை அணைத்து, துணியை மடித்து, டிபன் பையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். "நீங்க போங்க." "இல்லீங்க, நீங்க பெரியவங்க, மொதல்ல போங்க." "அட, இருக்கட்டுமுங்க." ஹாலின் பின்பக்க அவசரப் படிக்கட்டிலும் இதே கதை. கீழே இறங்கிய ஒருவர், சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்று மேலே ஏறிப் போனார்.

மேனேஜர் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் அன்று சிரிப்பு வரவில்லை. ஆர்டர் போனால் முதலில் வெளியே போகப்போவது, இப்போது வெளியே போகாமல் நிற்கிற இவர்கள்தானே! ஆற்றாமையில் சரசக்காவிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன், நிஜமாகத் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று. அவர் சொன்னார்: "நெருப்பே புடிக்கட்டுமுங்க. அதுக்காக ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுத் தள்ளிப்போட்டுப் போக முடியுங்களா?"

ஆடிட்

சென்னையிலிருந்து ஆடிட்டர் அம்மா வந்தார். கையில் தொடுதிரை டேப், காலில் ஷூ, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. முதல் சோதனைக்குத் தானே கதவுக்கு முன்னால் போய் நின்றார். "செத்த இருங்க, கேட்டுட்டு வந்தர்றனுங்க" என்றது கருவி. அந்த அம்மாவும் இருந்தார். சும்மா சொல்லக் கூடாது, நெடுநேரம் இருந்தார். பிறகுதான் சந்தேகம் வந்து எங்களைப் பார்த்தார். யாரும் வரமாட்டார்கள், இது மறுப்புத்தான் என்று அண்ணாச்சி பணிவாக விளக்கினார். டேப்பில் ஒரு டிக் போட்டார்.

அடுத்தது தீ மணி. அன்று காலையிலேயே அண்ணாச்சி பென் டிரைவ் தொங்கிய தன் சாவிக்கொத்தை என்னிடம் நீட்டியிருந்தார். மேனேஜருக்கு மட்டும் சொன்னோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். வரவேற்பும் மறுப்பும் சரசக்கா, தீக்கு மட்டும் நான்.

மணி அடித்தது. கதவு திறந்தது. சுவரிலிருந்து என் வாய் கிளம்பியது: "தீ! வெளிய போங்க! என்ன பாத்துட்டு நிக்கிய? போங்கன்னா போங்க!"

"நீங்க போங்க" என்று ஒருவரும் இன்னொருவரிடம் சொல்லவில்லை. டிபன் பையைத் தேடவில்லை. ஹால் மொத்தமும் இரண்டு படிக்கட்டிலும் கொட்டிய மாதிரி இறங்கியது. ராஜுவுக்கு வார்த்தை புரிந்ததோ இல்லையோ, முதல் ஆளாகக் கம்பெனி கேட்டில் நின்றார். முதலாளி ஒற்றைச் செருப்போடு நின்றார். கதவருகே நின்று நேரம் குறிக்க வேண்டிய ஆடிட்டர் அம்மாவும் கேட்டில்தான் நின்றார். மூச்சு வாங்கியபடி டேப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், முதல் தடவையாகச் சிரித்து இரண்டாவது டிக்கையும் போட்டார். மேனேஜர் அங்கேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி இன்னொரு செருப்பைத் தேடிப் போனார். சரசக்காதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபமில்லை, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "ஏனுங்க கதவுக்காரரே, உங்க சம்சாரம் எப்படீங்க ஊட்டுக்குள்ளயே இருக்கறாங்க?"

இத்தனை வருடத் தொழிலில் ஒருவரும் குறை சொல்லாமல் நான் பொருத்திக் கொடுத்த ஒரே சாமான் என் வாய்தான், அதற்கும் நெருப்புப் பிடித்தால்தான் வேலை.