அத்தான் கட்டிய பேங்க்

நெய்யாற்றின்கரையில் விக்டோரியா ராணி காலத்துப் பேங்க் கட்டடம் ஒன்று இருக்கிறது. முகப்பில் நான்கு தூண்கள், அவற்றின் மேல் முக்கோண நெற்றி, இரு பக்கமும் வளைவு வைத்த ஒடுங்கிய ஜன்னல்கள். சுவர் வெட்டுக்கல்லால் ஆனதுபோல் தெரியும். கிட்டே போனால் செங்கல்தான். சாந்து பூசி, கல் அடுக்கியதுபோலக் கோடு கிழித்திருக்கிறார்கள். ராணி காலத்திலும் நம்மைப் போன்ற ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

வெள்ளறடையில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிற என் அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, இந்தக் கட்டடத்தின் மேல் தீராத மயக்கம். காரணம் தூண்கள் அல்ல. மடித்துக் கட்டிய வேட்டியோடு வருகிற எவரும் அதன் படியில் கால் வைத்ததும், யாரும் சொல்லாமலே மடிப்பை அவிழ்த்துவிடுவார்கள்.

"எனக்க வீட்டுக்கு வாறவனும் மடிச்சுக் கெட்டுனத அவுக்கணும். பேங்க் மாதிரியாக்கும் கெட்டப் போறேன்" என்றார் அத்தான். "நீயில்லா எல்லாத்தையும் சரியா அளக்குத ஆளு. போய் அளந்துட்டு வா மச்சினா."

அளந்தேன். பணம் கட்ட வருகிறவர்கள் நிற்கும் கூடத்துக்குள் போய் ஜன்னலில் டேப்பை வைத்தபோது காவலாளி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சாரே, கம்பியும் கூடி எண்ணிக்கோ."

"எண்ணியாச்சு" என்றேன். உண்மைதான், எண்ணியிருந்தேன். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைக்கும்வரை அவர் நகரவில்லை.

வீடு முடிந்தது. பால்காய்ச்சுக்கு வந்தவர்கள் எல்லோரும் முகப்பைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"எலே, நீ என்னத்தையாக்கும் அளந்துட்டு வந்த? பஸ்ஸு சத்தம் கேக்குது, ஆளு தெரியல்ல. எனக்கு வானம் மட்டும் தெரியுது."

ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து நாலடி பத்தங்குலம். அக்காவின் மொத்த உயரம் நாலடி பதினொன்று. கணக்கு அவ்வளவுதான். ஆனால் எந்தப் பஸ்ஸில் யார் வந்து இறங்கினார்கள், கையில் என்ன பை, முகம் ஏன் அப்படி இருக்கிறது என்பது தெரியாமல் அக்காவுக்கு ஒரு நாள் முடிந்ததே இல்லை. பழைய வீட்டில் அடுக்களை ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தது.

நான் போனபோது இருவரும் கூடத்தில் நின்று தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

"வெளிய உள்ளவன் எட்டிப் பாக்கக் கூடாதுன்னாக்கும் அந்த ஒயரம்" என்றார் அத்தான்.

"உள்ள உள்ளவ பாக்காண்டாமா?"

"ஒரு அங்குலம் தாத்துனாலும் இது பேங்க் இல்ல, பஞ்சாயத்து ஆப்பீசு."

அதற்குப்பின் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று ரோட்டைப் பார்த்தாள். அது ஆடும்போதெல்லாம் அத்தான், "பேங்குக்குள்ள விழுந்தா பேங்க் பொறுப்பில்ல, கேட்டியா" என்பார்.

அடுத்த மாதம் லாக்கரில் வளையல்களை வைக்க அக்கா பேங்குக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அதிகாரி கவுண்டரின் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போன அக்கா இரண்டு படி ஏறி, அப்படியே நின்றுவிட்டாள்.

"எலே, இஞ்ச பாரு!"

கவுண்டருக்குப் பின்னால் தரை முழுவதும் மரப்பலகை மேடை. உயரமான கவுண்டர் மறைத்திருந்ததால் அது என் கண்ணில் பட்டதே இல்லை. மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களுக்கு அதே ஜன்னல் வழியாகத் தெரு முழுவதும் தெரிந்தது. கீழே நிற்கிற நமக்குத்தான் வானம். லாக்கர் அதிகாரி சாவியோடு காத்திருக்க, எதிரே ஆட்டோவிலிருந்து இறங்கியவர் யாரென்று பார்த்து முடித்த பிறகுதான் அக்கா நகர்ந்தாள்.

நான் அனுமதி கேட்டு மேடையையும் அளந்தேன். ஒன்றரை அடி. இந்த முறை டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டவர் அந்தக் காவலாளிதான்.

"பேங்க் மாதிரி கெட்டுனா முழுசா கெட்டணும். மேடை எங்க?" என்று வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் அளவைச் சொன்னேன். ஓர் அங்குலம்கூட மாறக் கூடாது என்று சொன்னவர், பாவம், என்ன செய்வார்?

இப்போது கூடத்தில் ஜன்னலோரமாகச் சுவரிலிருந்து சுவர்வரை மேடை இருக்கிறது. அதன்மேல் அக்காவின் நாற்காலி, மரச்சீனிக் கிழங்கு நறுக்கும் கத்தி, முறம். அத்தானின் சோபா கீழே.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அந்தச் சோபாவில் இருந்தேன். அத்தான் தோட்டத்திலிருந்து மடித்துக் கட்டிய வேட்டியோடு உள்ளே வந்து மேடைக்குக் கீழே நின்றார்.

"ஒரு சாயா கிட்டுமா?"

அக்கா திரும்பவில்லை. "நில்லுங்க. அம்பூரி பஸ்ஸு போட்டும்."

அத்தான் நின்றார். அவருடைய கை தானாக இறங்கி மடிப்பை அவிழ்த்துவிட்டது.