வளைந்து தெரிந்த சுவர்

மணமேல்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஹஃப்சாவுக்கு டிரோன் பறக்கவிடுவதில் ஆசை. பள்ளியில் நடந்த ஓர் அறிவியல் முகாமில் பிடித்த பித்து அது. உதிரி பாகங்களை ஒவ்வொன்றாக வரவழைத்துத் தானே பூட்டினாள். நான்கு மோட்டார், நடுவில் பேட்டரி, அதன் வயிற்றில் டேப் போட்டு ஒட்டிய தீப்பெட்டி அளவுக் கேமரா. கடலோரத்தில் காவல் கெடுபிடி அதிகம் என்பதால் ஊருக்கு மேற்கே வயல்வெளியில்தான் பறக்கவிடுவாள். மாமியார் சாரா உம்மாள் இதற்கு ஒன்றும் சொல்வதில்லை. யார் வீட்டு மாடியில் யார் வீட்டுத் துணி காய்கிறது என்று அவருக்கும் பார்க்கப் பிடித்திருந்தது.

கணவன் முகமது அஸ்வர் சவூதியில், தமாமில் ஏ.சி. மெக்கானிக். அவன் பல வருடம் வெயிலில் வெந்து சேர்த்ததுதான் அந்த வயல்வெளியை ஒட்டிய மனையில் வீடாக எழும்பிக்கொண்டிருந்தது. சுவர்கள் முடிந்து, அடுத்து மேல்தளம் போட வேண்டும். "மேல இருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பு புள்ள, ஆசையா இருக்கு" என்றான். ஹஃப்சாவும் எடுத்து அனுப்பினாள்.

மதியம் அவனிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"பின்செவுரு பாம்பு மாதிரி நெளியுது. தளம் போட வேணாம்னு சொல்லிரு."

அது கேமரா ஆடுவதால் வருவது, மோட்டார் அதிர்வில் நேர்க்கோடெல்லாம் அலை அலையாகத் தெரியும் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் ஏறவில்லை. அவனோடு அறையில் தங்கியிருந்த ஒருவருக்குப் போன மழையில் ஊரில் கட்டிய புது வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது. கண்ணால் பார்க்காமல் பணத்தை மட்டும் அனுப்பினால் இதுதான் கதி என்று அவர் அழுததை அஸ்வர் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தான். ஹஃப்சா போனில் படம் எடுத்து அனுப்பினாள். கீழே நின்று எடுத்தால் எந்தச் சுவரும் நேராகத்தான் தெரியும் என்றான்.

போதாக்குறைக்குக் கொத்தனார் வெள்ளைச்சாமியை அவனே அழைத்து, சுவரைக் கோணலாகக் கட்டியதாகத் திட்டியும் விட்டான்.  அவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டும், சுவர் நெடுக முனைக்கு முனை நூலை இழுத்துப் பிடித்தும் ஹஃப்சாவுக்குக் காட்டினார். நூல் சுவரோடு ஒட்டிப் போனது. பிறகு கரண்டியையும் மட்டப்பலகையையும் சைக்கிளில் கட்டினார்.

"செவுரு நேராத்தான் இருக்கு தங்கச்சி. தம்பி மனசுல விழுந்த கோணல நான் எப்படி நிமித்துறது?"

வேலை நின்றது. அந்த வீடியோவை ஹஃப்சா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். நூலைக் கண்ணால் பார்த்திருந்தும், ஒருவேளை அஸ்வர் சொல்வதுதான் சரியோ என்று அவளுக்கே தோன்றத் தொடங்கியது. சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை டிரோனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். அங்கே டிரோன் சாமான்கள் விற்கும் அரவிந்த்குமார் அவளுக்குப் பழக்கம். கேமராவைத் தாங்கிப் பிடிக்கும் கிம்பல் ஒன்று வேண்டும் என்றாள். டிரோன் எப்படிச் சாய்ந்தாலும் தன் குட்டி மோட்டார்களால் கேமராவை அசையாமல் வைத்திருக்கும் தொட்டில் அது. அவன் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று மேல் கீழ் அசைவையும் பக்கச் சாய்வையும் மட்டும் சரிசெய்வது. இன்னொன்று கொஞ்சம் பெரியது, இடம் வலமாகத் திரும்பும் குலுக்கலையும் சேர்த்துத் தாங்குவது. பெரியதைக் கையில் பிடித்து எப்படி ஆட்டினாலும் கேமரா தியானத்தில் இருப்பது போல் நின்றது. ஹஃப்சாவுக்கு அதன் மேல்தான் கண்.

"ஒங்க டிரோன் தூக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க டீச்சர்" என்றான் அரவிந்த்குமார்.

பெரிய கிம்பலின் எடைக்கு ஈடாக ஒரு சோப்புக்கட்டியைக் கட்டி, கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஏற்றினார்கள். டிரோன் முனகிக்கொண்டே எழும்பியது. வீட்டை ஒரு சுற்று வரும் நேரம்கூட ஆகியிருக்காது, பேட்டரி எச்சரிக்கை கத்தியது. இறக்கித் தொட்டுப் பார்த்தால் மோட்டார் சுட்டது. கிம்பல் சுமந்து சுவர் மேலேயே விழுந்தால் என்ன ஆவது? சிறியதைப் பூட்டினால் திரும்பும்போது மட்டும் படம் கொஞ்சம் வெட்டும் என்றான் அவன். ஹஃப்சா பெரியதைத் தள்ளி வைத்தாள்.

"வீடு எங்கிட்டும் ஓடப்போறதில்ல தம்பி. நான் மெதுவாத் திருப்பிக்கிறேன். சின்னதையே குடுங்க."

அதிர்வைக் குடிக்கும் ரப்பர் உருண்டைகளோடு அதை அவனே பூட்டிக் கொடுத்தான். பூட்டும்போதுதான் ஒரு மோட்டாரில் சுழலும் இறக்கையின் நுனி உடைந்திருப்பதைப் பார்த்து, அவ்வளவு ஆட்டத்துக்கும் பாதிக் காரணம் இதுதான் என்று சொல்லி மாற்றினான்.

மறுநாள் காற்று எழும்புமுன் மனைக்குப் போனாள். வெள்ளைச்சாமிக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். வந்தார், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். டிரோன் எழும்பிப் பின்சுவரை நோக்கிப் போனது. திரையில் சுவரின் விளிம்பு வந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, கோடு கிழித்தது போல் நேராக வந்தது. இன்னொரு முறை ஓட்டினாள். அப்போதும் அப்படியேதான்.  மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். வெள்ளைச்சாமி வேலியைத் தாண்டி வந்து, அவள் நீட்டிய திரையைக் குனிந்து பார்த்தார்.

அந்த வீடியோவை அனுப்பினாள். பார்த்துவிட்டு அஸ்வர் அழைத்தான். கொத்தனார் பக்கத்தில் இருந்தால் கொடு என்றான். ஹஃப்சா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, அவசரப்பட்டு வாய விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

வெள்ளைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தூரத்துல இருக்கவங்களுக்குப் பயம் வரத்தான் தம்பி செய்யும். தளத்துக்கு நாள் பாத்துச் சொல்லுங்க, ஆளுகளுக்குச் சொல்லணும்."

அன்று வீட்டுக்கு வந்த ஹஃப்சா, சாரா உம்மாள் அவித்து வைத்திருந்த இடியாப்பத்தில் மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து வயிறு முட்டத் தின்றாள்.

தளம் போட்ட நாளில் கலவை மெஷின் சத்தத்துக்கு நடுவே ஆட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தவள், வீடியோ எடுத்து அனுப்பவா என்று அஸ்வரைப் போனில் கேட்டாள். அவன் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தான்.

"வேணாம் புள்ள. அண்ணன் பாத்துக்குவாரு. நான் கொஞ்சம் தூங்குறேன்" என்று போனை வைத்தான்.