ஸ்டேசன் மாஸ்டரின் இரண்டு பற்றரிகள்

1992 மார்ச் 14, சனிக்கிழமை. கொக்குவிலில் எங்களுக்கு வழக்கமான நாளாகத்தான் விடிந்தது. கத்தரிக்குத் தண்ணீர் இறைத்தேன். சைக்கிளுக்கு எண்ணெய் விட்டேன். தொலைபேசியைத் துடைத்து, ஒருமுறை பேசிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்தத் தொலைபேசியைப் பற்றிச் சொல்லவேண்டும். போர்க்காலம். ஊரில் அப்போது மின்சாரமும் இல்லை, தொலைபேசிச் சேவையும் இல்லை. நானும், என்னைப்போலவே கம்பிப் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவரும், யாரோ கழித்துவிட்ட இரண்டு பழைய கருவிகளைத் தேடிப்பிடித்து, வேலிகளின் மேலாகக் கம்பி இழுத்து, எங்கள் வீடுகளை இணைத்திருந்தோம். கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும். நண்பரின் மனைவி மருத்துவிச்சி. எங்கள் மகளுக்கு நிறைமாதம். மணியடித்தால் அவர் சைக்கிளில் வந்துவிடுவார் என்பது ஏற்பாடு.

பின்னேரம் மகளுக்கு நோவு கண்டது. அந்த நேரம் பார்த்து ஹெலிகொப்ரர் சுற்றிச் சுற்றிச் சுட்டுக்கொண்டிருந்தது. தெருவில் இறங்க முடியாது. கைப்பிடியைச் சுற்றினேன்.

"ஹலோ, ஆர்? கதையும் ஐசே! வாயிலை என்ன கொழுக்கட்டையே?"

நண்பர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. கம்பி அறுந்திருந்தால் எனக்கும் கேட்டிருக்காது. ஆகவே பிழை கம்பியில் இல்லை; என் குரலைக் கொண்டுபோகும் பற்றரிகள் காலைப் பேச்சோடு செத்துவிட்டன. குடாநாட்டுக்குள் பற்றரி வரவே தடையிருந்த காலம் அது.

என் சத்தம் கேட்டு, வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார் அடுத்த வீட்டு ஸ்டேசன் மாஸ்டர். ரயில் ஓட்டம் நின்றபின் அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம், இரவில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த சனத்துக்கு வானொலிச் செய்தி போட்டுக் காட்டுவதுதான். விஷயத்தைச் சொன்னேன். திரும்பிப் போனவர் வானொலியிலிருந்து கழற்றிய இரண்டு பற்றரிகளோடு வந்தார்.

"அண்ணை, அப்ப இரவு நியூஸ்?"

"நியூஸ் நாளைக்கும் சொல்லுவாங்கள். உன்ரை பேரப்பிள்ளை அதுமட்டும் பொறுத்திருக்குமே? போடு தம்பி!"

போட்டேன். மருத்துவிச்சி தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அறை வாசலில் நின்று, உள்ளே மகளோடு இருந்த மனைவிக்குச் சொன்னேன். "அழாமல் சொல்லுங்கோ அண்ணை, ஒண்டும் விளங்கேல்லை" என்று இடையில் மருத்துவிச்சியிடமிருந்து எனக்கும் ஓர் அதட்டல். ஹெலி போய், அவர் வந்துசேர்ந்தபோது பேத்தி வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

இரவு செய்திக்கு வந்த சனத்திடம் ஸ்டேசன் மாஸ்டர் சொன்னது எங்கள் வீடுவரை கேட்டது. "இண்டைக்கு ஒரு செய்திதான். பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். போய்ப் படுங்கோ!"

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சிரித்துக்கொண்டே போனார்கள். 

மறுநாள் வெயில் ஏறியதும் முதல் வேலையாக, என் பேச்சில் களைத்துப்போன அந்தப் பற்றரிகளைக் கழற்றி, செய்தி நேரத்துக்குள் கொஞ்சமாவது உயிர் வரட்டும் என்று கிணற்றுக்கட்டில் காயவைத்துவிட்டு, நிழல் விழ விழ நகர்த்தி வைத்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.